உதிரம் சொல்லும் சேதி

2025 ஜூலையில் நாமக்கல் ஜில்லாப் பள்ளிபாளையத்தின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. கடன் தொல்லை தாளாத விசைத்தறித் தொழிலாளர்கள் தங்கள் சிறுநீரகத்தை விற்றதாக வந்த சேதி நம் நெஞ்சைக் கலக்கியது. அந்தக் கொடுமையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நாம் கேட்க விரும்புவது வேறொன்று. ஏழையிடம் விலைக்கு வாங்கியதோ, பெற்ற தாய் மனமுவந்து அளித்ததோ, வேறோர் உடலில் குடியேறிய அந்த உறுப்பு அங்கே சௌக்கியமாக இருக்கிறதா என்பதை எப்படி அறிவது?

உடலுக்குத் தன்னவர், அந்நியர் என்ற பேதம் நன்றாகத் தெரியும். 1954-ல் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே செய்த முதல் வெற்றிகரமான சிகிச்சையில், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே அச்சில் வார்த்த இரட்டையர். ஆகவே சண்டை எழவில்லை. வேலூர் கிறிஸ்துவ ஆஸ்பத்திரியில் 1971-ல் தொடங்கி நம் நாட்டில் சிறுநீரகம் பெற்ற மற்றவர்களுக்கெல்லாம், உடலின் காவற்படையை அடக்கி வைக்கும் மருந்தே துணை. மருந்து குறைந்தால் படை கிளம்பிவிடும்.

படை கிளம்பியதை இதுவரை நமக்குச் சொல்லி வந்தது கிரியேட்டினின். தசைகளில் உண்டாகும் இந்தக் கழிவைச் சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் அது ரத்தத்தில் தேங்கும். சோதனைக்கு அதிகச் செலவில்லை. சிறிய ஊர்களிலும் செய்கிறார்கள். ஆனால் இந்தத் தூதன் தாமதக்காரன்! வீடு பற்றி எரிந்து கூரை சரியத் தொடங்கிய பிறகே ஓடி வந்து கதவைத் தட்டுவான். அவன் வாய் திறக்கும்போது சிறுநீரகத்துக்குக் கணிசமான சேதம் நேர்ந்திருக்கக்கூடும்.

இதைவிட விரைவான தூதனை 1998-ல் ஹாங்காங் விஞ்ஞானி டென்னிஸ் லோவும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். ஆடவரின் உறுப்பைப் பெற்ற பெண்களின் ரத்தத்தில், ஆணுக்கே உரிய டி.என்.ஏ. துணுக்குகள் மிதந்தன! தாக்குண்டு மடியும் அணுக்கள் தம் டி.என்.ஏ.வை ரத்தத்தில் சிதறவிடுகின்றன. சில மணி நேரத்துக்குள் அது மறைந்துவிடுவதால், இன்று காண்பது இன்றைய காயமே. இப்போது கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே பாலினராயினும் பிரித்தறிய முடிகிறது. மிதக்கும் துணுக்குகளில் கொடுத்தவருடையது நூற்றுக்கு 1 பங்கை மீறினால் சந்தேகப்பட வேண்டும் என்று 2017-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. (பாஸ்டன் இரட்டையருக்கு இந்தச் சோதனை உதவியிராது, இருவர் டி.என்.ஏ.வும் ஒன்றுதானே!)

ஆயினும் இந்தத் தூதன் சர்வக்ஞன் அல்லன். காயம் பட்டிருக்கிறது என்பான். காயப்படுத்தியது காவற்படையா, வைரஸ் கிருமியா என்று கேட்டால் விழிப்பான். லேசான நிராகரிப்பு சில சமயம் அவன் கண்ணுக்கும் தப்பும். நிச்சயம் வேண்டுமானால், ஊசியால் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சோதனைச் செலவும் நம் குடும்பங்களுக்கு எளிதில் தாங்கக்கூடியதன்று.

ஆகவே சேலத்துச் சமவெளியில் இன்றும் பழைய சோதனைகளையே நம்ப வேண்டியிருக்கிறது. அவற்றுள் ஒன்று டாக்ரோலிமஸ் மருந்தின் அளவைப் பார்ப்பது. ஜப்பானியர் 1984-ல் ஒரு மலையடிவார மண்ணின் நுண்ணுயிரிலிருந்து கண்டெடுத்த மருந்து இது. முந்தின வேளை மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதே கணக்கு. காலை மாத்திரையைப் போட்டுக்கொண்ட பின் ரத்தம் கொடுத்தால் கணக்குத் தவறிவிடும். ராசிபுரத்தில் விடியற்காலை பஸ் ஏறிச் சேலம் வருகிற நோயாளி, அன்றைய மாத்திரையை விழுங்காமல் மடியில் முடிந்து கொண்டுவருவது அதனால்தான்.