ரப்பர்க் கையுறையும் மேலங்கியும்: அணிவதும் பேணுவதும்

நம் வாசகர்களில் ஒரு சாரார் ரப்பர் மரத்தில் பால் வெட்டி எடுப்போர். மற்றொரு சாரார் நூலுக்குச் சாயம் ஏற்றி நெய்வோர். முன்னவர் சிரட்டையில் பிடிக்கும் பால், பல கைகள் மாறி, பின்னவரின் கையைக் காக்கும் உறையாக வந்து சேருகிறது. ஆயினும் அவ்வுறையை எங்ஙனம் அணிவது, எங்ஙனம் பேணுவது என்பதில் இரு சாராருமே போதிய கவனம் செலுத்துவதாகத் தெரியவில்லை. வாங்கிய சில வாரங்களுக்குள் கையுறை பிசுபிசுத்தோ வெடித்தோ போய்விடுகிறது. சரக்கு மட்டம் என்று கடைக்காரரை நொந்துகொண்டு, வெறுங்கையையே காஸ்டிக் சோடாத் தொட்டியில் விடுவோர் பலர். விரல் நுனி தேய்ந்து தோல் உரிந்த கையால் இழை முடிவது எவ்வளவு கடினம் என்பதைத் தறிக்காரருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

மரத்திலிருந்து வடியும் பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை ரப்பர் உண்டு. எஞ்சியது பெரும்பாலும் நீர். கையுறைக்கான பாலை ஷீட்டுக்கு உறைய விடுவது போல் விடுவதில்லை. அம்மோனியா சேர்த்து உறையாமல் காத்து, பாலிலிருந்து வெண்ணெய் பிரிக்கும் இயந்திரம் போன்ற ஒன்றில் சுழற்றி, ரப்பரின் பங்கு 60 ஆகும்படி செறிவாக்குகிறார்கள். பிறகு கந்தகமும் வேறு சில இரசாயனப் பொருள்களும் கலந்து, கை வடிவான பீங்கான் அச்சை அதில் முக்கி எடுத்து, நீரில் அலசி, சூட்டில் பதப்படுத்துகிறார்கள்.

கந்தகம் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. 1823-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து நாட்டைச் சேர்ந்த சார்லஸ் மக்கின்டாஷ் என்பவர், இரு துணிகளுக்கு நடுவே ரப்பர்க் கரைசலைப் பூசி மழைக்கோட்டுத் துணி செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். நீர் புகவில்லை; ஆனால் வெயிலில் அது ஒட்டிக்கொண்டது, குளிரில் விறைத்துக்கொண்டது. 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்து சூடேற்றினால் இக்குறைகள் நீங்கும் எனக் கண்டார். கையுறையின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவில் பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில் கரோலின் ஹாம்ப்டன் என்னும் தாதியின் கைகள், கிருமி நீக்கப் பயன்பட்ட பாதரசக் குளோரைடு கரைசலால் புண்பட்டன. அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 1889-90-இல் அவருக்கென மெல்லிய ரப்பர்க் கையுறைகள் செய்வித்தார். (பிறகு அவரையே மணந்தும் கொண்டார்.) அறுவைச் சாலையில் அக்கையுறை நுழைந்தது நோயாளியைக் காப்பதற்கு அன்று, இரசாயனத்தில் கைவைத்து உழைப்பவரைக் காப்பதற்கே.

இனி, ரப்பருக்கு ஆகாதவற்றைப் பார்ப்போம். முதலாவது எண்ணெய். நீர்த்த காரத்தையும் நீர்த்த அமிலத்தையும் தாங்கி நிற்கும் இயற்கை ரப்பர், எண்ணெயிடம் தோற்றுவிடும். எண்ணெயை உறிஞ்சி உப்பும், பலம் இழக்கும், பிசுபிசுக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல், வர்ணம் கரைக்கும் தின்னர் ஆகியவை இன்னும் விரைவில் கெடுக்கும். கை வறளாதிருக்கத் தேங்காயெண்ணெய் தடவி, அதன்மேல் உறையை மாட்டிக்கொள்ளும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. நோக்கம் நல்லதே, ஆனால் உறை உள்ளிருந்தே அழிகிறது. எண்ணெயை வேலை முடிந்து கை கழுவிய பின் தடவிக்கொள்ளலாம். எண்ணெயிலேயே வேலை செய்ய வேண்டியவர்கள் இயற்கை ரப்பரை விடுத்து, 'நைட்ரைல்' எனப்படும் செயற்கை ரப்பர் உறையைக் கேட்டு வாங்குவதே நலம்.

இரண்டாவது செம்பு. இதைப் பலர் அறியார். செம்பும் மாங்கனீசும் மிகச் சிறிய அளவில் கலந்தாலும் ரப்பர் காலப்போக்கில் சிதைகிறது. துணியின் மேல் ரப்பர் பூசும் ஆலைகள் சாயத்தில் செம்பு உண்டா எனக் கவனிப்பது இதனாலேயே. சாயப்பட்டறையிலோ செப்பு அண்டாவும் பித்தளைப் பாத்திரமும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஈரக் கையுறையை அண்டாவின் விளிம்பிலே கவிழ்த்து வைப்பதும், மேலங்கியைப் பித்தளைக் கொக்கியில் மாட்டுவதும் கூடா. மரக் கழி ஒன்று போதும்.

மூன்றாவது வெயில். துணியை வெயிலில் காயவைத்துப் பழகிய நமக்கு ரப்பரை நிழலில் உலர்த்த மனம் வருவதில்லை. வெயிலும், மின்சார மோட்டாரின் பொறியில் உண்டாகும் ஓசோன் என்ற வாயுவும் ரப்பரில் வெடிப்பு உண்டாக்கும். அதுவும் மடிந்தும் இழுபட்டும் உள்ள இடத்தில்தான் முதலில் வெடிக்கும். ஆகையால் மேலங்கியை மடித்து வைக்காமல் தொங்கவிட வேண்டும். மோட்டார் ஓடும் அறையில் வைக்கலாகாது. இஸ்திரி போடுவதைப் பற்றி எழுதவே தேவையில்லை என எண்ணுகிறோம்.

அணியும்போது மோதிரத்தைக் கழற்றி, நகத்தை வெட்டி, கையை நன்கு துடைத்துக்கொள்க. ஈரக் கையில் உறை ஏறாது; இழுத்தால் கிழியும். காஸ்டிக் சோடாவில் இறங்குமுன் ஓட்டை பார்ப்பது இன்றியமையாதது. உறையின் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து நீரில் அமிழ்த்தினால், ஓட்டையுள்ள இடத்தில் குமிழி கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளை, உறையே இல்லாததைவிடத் தீயது. உள்ளே புகுந்த காரம் வெளியேற வழியின்றித் தோலோடு ஒட்டி நின்று அரிக்கும். மணிக்கட்டு விளிம்பைச் சிறிது வெளிப்புறமாக மடித்துவிட்டால், சிட்டத்தைத் தூக்கிப் பிழியும்போது வழியும் நீர் முழங்கைக்கு ஓடாது.

தோட்டக்காரர்களுக்கும் இது பொருந்தும். பால் உறையச் சேர்க்கும் பார்மிக் அமிலத்தை நீர்க்கும்போது கையுறை அவசியம். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றலாகாது.

கழற்றுமுன் உறையோடு கையைக் கழுவுக. பிறகு சாதாரண சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு உள்ளும் புறமும் அலசி, முதலில் உட்புறத்தை வெளியாக்கி நிழலில் உலர்த்தி, பின் திருப்பி உலர்த்துக. பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்தால் மேற்புறம் இறுகிவிடும். நன்றாக உலர்ந்தபின் சிறிது டால்கம் தூள் தூவினால் ஒட்டாது.

தூளைப் பற்றி ஒரு சொல். ரப்பர்ப் பாலில் இயற்கையாகவே உள்ள சில புரதங்கள் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்குகின்றன. உறையில் தூவிய தூள் அப்புரதத்தை ஏந்திக் காற்றில் பரவுவதால், அமெரிக்க அரசு தூளிட்ட மருத்துவக் கையுறைகளை 2017-இல் தடை செய்தது. உறை அணிந்த சில நிமிஷங்களில் தடிப்பு, கண் அரிப்பு, மூச்சு முட்டல் தோன்றுமாயின் அதை வியர்வை என்று தள்ளிவிடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இத்தகையோரில் சிலருக்கு வாழைப்பழமும் பப்பாளியும்கூட ஒவ்வாது. அவர்களுக்கு ரப்பர்ப் பால் உறை எவ்விதத்திலும் ஏற்றதன்று. நைட்ரைல் உறையே தகுதி. வெறும் வியர்வையால் புழுங்குவோருக்கு, உள்ளே மெல்லிய பருத்தி உறை ஒன்று போதும். அதை நம் தறித் துணியிலேயே தைத்துக்கொள்ளலாம்.

மேலங்கியில் கீறல் விழுந்தால் சைக்கிள் டியூபுக்குச் செய்வது போல் உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, துண்டு ஒட்டலாம். கையுறைக்கு ஒட்டு வேண்டாம். ஓட்டை விழுந்ததைக் காரத் தொட்டிக்கு விலக்கிவிட்டு, நன்கு கழுவி, மணிக்கட்டுப் பகுதியை வளையம் வளையமாக நறுக்கினால், கணக்குச் சீட்டுகளையும் சாயப் பொட்டலங்களின் வாயையும் கட்ட உதவும்.