ஆப்பிள் தோட்டத்துச் சுள்ளிகள்

ஆசாத்பூர் மண்டியில் காஷ்மீரத்து ஆப்பிள் பெட்டிகள் மலைபோல் குவிந்திருப்பதைத் தில்லிவாழ் அன்பர்கள் அறிவர். 2025 செப்டம்பரில் பட்காமிலிருந்து ஆதர்ஷ் நகருக்குப் பழம் ஏற்றிவரத் தனிப் பார்சல் ரயிலே விடப்பட்டது. ஆனால் அப்பழத்தை ஈன்ற மரத்தில் ஆண்டுதோறும் வெட்டப்படும் கிளைகள் என்னாகின்றன என்று எண்ணியவர் சிலரே. நாமும் எண்ணியதில்லை, சென்ற மாசியில் குடும்பத்தோடு சோப்பூர்ப் பக்கம் செல்லும் வரையில்.

இலையுதிர்ந்து மரம் உறங்கும் அக்காலத்தில்தான் அங்கே கவாத்து நடைபெறுகிறது. வெட்டிய சுள்ளிகளைக் குவித்துக் கொளுத்துகிறார்கள்; பாதி எரிந்ததும் நீர் தெளித்து அணைத்துக் கரியாக்குகிறார்கள். நம் இராமநாதபுரத்துக் கரிமூட்டம் கண்டவர்களுக்கு இது புதிதன்று. எனினும் அங்கே மண் பூசிப் பல நாள் பொறுத்திருப்பார்கள். இங்கே திறந்த வெளியில் எரிகிறது. அன்று மாலை பள்ளத்தாக்கு முழுவதும் புகை படிந்து நின்றது. நம் இளைய மகள் இரவெல்லாம் இருமினாள்.

அக்கரி காங்ரிக்கு உரியது. பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, அதனுள் தணல். பெரன் என்னும் நீண்ட அங்கிக்குள் அதை அணைத்துக்கொண்டே மக்கள் நடமாடுகிறார்கள். அதன் வெப்பம் பல்லாண்டுகள் தோலில் பட்டால் புற்றுநோய் உண்டாவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவர். கதவடைத்த அறையில் கரித்தணலின் நச்சுவாயு உயிரையே குடிக்கும். ஆயினும் பனிக்காலத்தில் ஏழைக்கு வேறு துணை ஏது?

ஸ்பெயின், இத்தாலி நாடுகளின் தோட்டங்களில் இச்சுள்ளியை இயந்திரம் பொறுக்குகிறது. வெட்டியவற்றை மரவரிசைகளின் நடுவே ஒதுக்கிவிடுவார்கள். டிராக்டரோடு பிணைத்த கருவி பற்களால் அவற்றை வாரி, சுழலும் சம்மட்டிகளால் நறுக்கி, பின்வரும் தொட்டியில் ஊதித் தள்ளும். சிலவகை இயந்திரங்கள் வைக்கோற் கட்டுப்போல் கட்டிவிடும். பற்கள் தரையோடு உரசலாகாது. மண்ணும் கல்லும் கலந்தால் அலகு மழுங்கும், சாம்பல் பெருகும். பச்சைக் கிளையில் ஏறத்தாழப் பாதி நீரே. ஈரமான சில்லுகளைக் குவித்தால் தாமே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே உலர்த்துவதே பெரிய வேலை. கடலோனியாவில் வில்லஃபிராங்கா என்னும் ஊரில் திராட்சைக் கொடியின் கழிவைக் கொதிகலனில் எரித்துக் கட்டடங்களுக்கு வெப்பம் தருகிறார்கள்.

சரக்குக் கணக்கு எழுதும் நமக்கு இதில் முதலில் தோன்றியது எடைக்கும் இடத்துக்கும் உள்ள வழக்கு. ஒரு கன மீட்டர் நிலக்கரி 800 கிலோ நிற்கும். மரச் சில்லோ 250 கிலோ அளவுதான். வண்டி நிறையும், எடை நிறையாது. தொலைதூரம் ஏற்றினால் கூலியே விலையை விழுங்கிவிடும். எனவே விளைந்த இடத்தின் அருகிலேயே எரிப்பதுதான் கட்டும்.

காஷ்மீரத்துக்கு அவ்வியந்திரம் பொருந்துமா? பழைய தோட்டங்கள் சிறியவை, மேட்டுப்பாங்கானவை. பெருமரங்கள் ஒழுங்கற்று நிற்கின்றன. கம்பி கட்டிக் குறுமரங்களை நெருக்கி நட்ட புதிய தோட்டங்களிலே வரிசை உண்டு, அங்கே ஓடலாம். பத்துத் தோட்டக்காரர்கள் கூடி ஒரு சிறு நறுக்கி வாங்கினால் போதும் என்பது நம் எண்ணம். மூடிய கலத்தில் கரி சுட்டால் புகையும் குறையும். திறந்தவெளியில் எரிக்கும்போது விறகின் பெரும்பகுதி வீணே சாம்பலாகிறது. மூட்டத்திலும் நாலிலொரு பங்குக்கு மேல் கரி தேறுவது அரிது.

இதனை நமக்கு இடம் தந்த முதிய தோட்டக்காரரிடம் உரைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பின்னர், “பாபுஜி, கிளை வெட்ட வருபவனுக்குக் கூலியோடு சுள்ளியும் உண்டு. அவன் மனைவிதான் பொறுக்கிக் கரி சுடுகிறாள். இயந்திரம் வாரிக்கொண்டால் அவள் வீட்டுக் காங்ரியில் எதை இடுவாள்?” என்றார். சில்லில் அவளுக்கும் ஒரு பங்கு எழுதிவைக்கலாமே என்றோம். “எழுதலாம்” என்று சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பின் பொருள் விளங்காமற் போகவில்லை.

புறப்படும்போது ஒரு பை ஆப்பிள் கரியை நம் கையில் திணித்தார். தீப்பற்றும் பொருளைப் பயணிகள் வண்டியில் ஏற்றலாகாது என்னும் விதி தெரிந்தவராதலால் வாங்க மறுத்தோம். அவர் முகம் வாடியது இன்னும் நம் கண்ணில் நிற்கிறது.