கம்பிச் சுருளில் கிடந்த பாட்டு

தலைமுடி அளவே பருமன் உள்ள எஃகுக் கம்பி. நூல்கண்டு போலச் சுருளில் சுற்றியிருக்கும். ஓடும்போது அறுந்துபோனால் இரண்டு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் போதும். முடிச்சைக் கடக்கும் இடத்தில் குரல் ஒரு நொடி இடறிவிட்டு மறுபடி ஓடும். 1946 கோடையில் டேவிட் போடர் என்ற சிகாகோ உளவியல் பேராசிரியர் இப்படிப்பட்ட 200 சுருள்களையும் கனமான ஒரு கம்பிப் பதிவுக் கருவியையும் தூக்கிக்கொண்டு பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி என்று அகதிகள் தங்கியிருந்த விடுதிகளையும் முகாம்களையும் சுற்றினார். நாஜி முகாம்களிலிருந்து வெளியே வந்து ஓராண்டுச் சொச்சமே ஆனவர்களை உட்காரவைத்து, போர் தொடங்கியபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டு ஆரம்பித்தார். ஏறக்குறைய 130 பேர், ஒன்பது மொழிகள், 90 மணி நேரம். ஹோலோகாஸ்ட் என்ற பெயர் அப்போது நாஜிகள் நடத்திய யூதப் படுகொலைக்கு நிலைத்திருக்கவில்லை. கைதிகளுக்குள்ளேயே கங்காணியாக வைக்கப்பட்டவனை 'காப்போ' என்பார்கள். அதுபோன்ற முகாம் சொற்கள் வந்தால் போடர் பேசுபவரை நிறுத்தி விளக்கம் கேட்கிறார். கேட்பவருக்கும் தெரியாது, உலகத்துக்கும் தெரியாது என்ற நிலையில் பதிவான பேச்சு அது. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கில் எடுத்த பேட்டிகள் எதிலும் அந்தத் தொனியைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

அந்தச் சுருள்களில் ஒன்று பல பத்தாண்டுகள் காணாமல் கிடந்தது. பிரான்சில் எனோன்வில் என்ற சிற்றூரில் தங்கியிருந்த அகதிகள் பாடிய பாட்டுகள் அதில் இருந்தன. போடர் 1961-இல் இறந்தார். அவருடைய கருவியும் சுருள்களில் ஒரு பகுதியும் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஆக்ரன் பல்கலைக்கழகத்தின் உளவியல் வரலாற்றுக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. பழைய சுருள்களை டிஜிட்டலாக்க எடுத்தபோதுதான், ஊர்ப்பெயர் தப்பாக எழுதியிருந்த ஒரு டப்பா கண்ணில் பட்டது. எழுத்துப் பிசகு; அதனால் யாரும் அதை எனோன்வில்லோடு சேர்த்துப் பார்க்கவில்லை. சுருள் கிடைத்துவிட்டது, ஆனால் ஓட்டிக் கேட்க வேலைசெய்யும் மிஷின் இல்லை. பழைய கருவி ஒன்றை விலைக்கு வாங்கி, புதிய பாகங்கள் பொருத்தி, சரிசெய்த பிறகே கம்பி ஓடியது. 2017-இல் அந்தப் பாட்டுகளை உலகம் கேட்டது. ஊர் எரிவதைக் கண்டு, ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷில் கதறும் பாட்டு ஒன்று அதில் உண்டு. கிராக்கோவின் தச்சர் மோர்டெகாய் கெபிர்டிக் போருக்கு முன்பே எழுதியது. அவர் 1942-இல் அந்த ஊரில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவிலேயே கொல்லப்பட்டார். உயிர் தப்பிய ஒரு பெண்ணின் தொண்டையில் அந்தப் பாட்டு இருந்தது. பிறகு கம்பியில் இருந்தது. பிறகு தப்பான பெயர் எழுதிய டப்பாவுக்குள் இருந்தது.

கவனிக்க வேண்டியது, கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது. அது கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போனவை இரண்டு: மேலே எழுதிய சீட்டும், ஓட்டும் மிஷினும். பதிவு செய்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நாம் சொல்லும்போது இந்த இரண்டையும் மறந்துவிடுகிறோம். உயிர் தப்பியவர்களில் இன்னும் உலகெங்கும் 2,45,000 பேர் இருக்கிறார்கள் என்றும், அவர்களில் பாதிப்பேர் 86 வயதைத் தாண்டியவர்கள் என்றும் 2024 ஜனவரியில் ஒரு கணக்கு வெளியானது. அதைப் படித்ததும் எல்லோரும் சொன்னது, சீக்கிரம் பதிவு செய்யுங்கள் என்பதுதான். நியாயமான பதற்றம். ஆனால் பதிவானவை இருக்கின்றனவே, அவற்றின் வயதை யார் கணக்கெடுப்பது? 1994-இல் திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தொடங்கிய அமைப்பு ஆறேழு ஆண்டுகளில் சுமார் 52,000 பேரிடம், 32 மொழிகளில், 56 நாடுகளில் பேட்டி எடுத்து முடித்தது. அவை இருந்தது ஏறத்தாழ 2,35,000 பீட்டாகேம் வீடியோ டேப்புகளில். அவற்றையெல்லாம் டிஜிட்டலுக்கு மாற்றப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். படமோ ஒலியோ பழுதாகியிருந்த டேப்புகளைத் தனியாக எடுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. தக்க நேரத்தில் தொடங்கியதால் தப்பியது. 2016-இல் பீட்டாகேம் டேப் விற்பனையே நின்றுவிட்டது. அதே ஆண்டில்தான் வி.எச்.எஸ். பிளேயர் தயாரிப்பும் உலகில் முடிவுக்கு வந்தது. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் கல்யாண கேசட்டுக்கு என்ன கதியோ அதே கதிதான் சிறிய நூலகங்களிலும் ஊர்ச் சங்கங்களிலும் இருக்கும் சாட்சியங்களுக்கும். காந்த டேப்புகளை 2025-க்குள் மாற்றாவிட்டால் பெரும்பாலானவற்றை இனி ஓட்டவே முடியாமல் போகலாம் என்று யுனெஸ்கோவும் உலக ஒலிக் காப்பாளர் சங்கமும் 2019-இல் மணியடித்தன. அந்தக் கெடு வந்துவிட்டது.

டேப் என்பது பிளாஸ்டிக் பட்டையின் மேல் பசையால் ஒட்டிய இரும்புத் துகள். பசை காற்றின் ஈரத்தைக் குடித்தால் பிசுபிசுக்கும். ஓட்டினால் துகள் உரிந்து மிஷினின் தலையில் அப்பிக்கொள்ளும், குரலும் அதோடு போகும். அப்படிப்பட்ட ரீல்களைச் சூட்டடுப்பில் மெதுவான வெப்பத்தில் மணிக்கணக்கில் வைத்து எடுத்து, பிசுக்கு அடங்கிய சில நாட்களுக்குள் நகல் எடுத்துக்கொள்வார்கள். டிஜிட்டலாக்கிவிட்டால் தொல்லை தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்கும் ஆயுள் உண்டு. கோப்பு வடிவங்களும் வழக்கொழியும். சில ஆண்டுக்கு ஒருமுறை நகல், நகலுக்கு நகல், வேறு ஊரில் இன்னொரு நகல் என்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பயிருக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி, ஒருமுறை விட்டோம் என்று நிறுத்த முடியாது. போலந்தின் வார்சா கெட்டோவில் வரலாற்றாளர் இம்மானுவேல் ரிங்கல்ப்ளுமும் தோழர்களும் ரகசியமாகச் சேர்த்த காகிதங்கள் இதைக் கண்ணுக்குக் காட்டும். 1942 ஆகஸ்டில் தகரப் பெட்டிகளிலும், 1943 பிப்ரவரியில் இரண்டு பால் கேன்களிலும் வைத்துப் புதைத்தார்கள். 1946-இல் தோண்டியெடுத்தபோது தகரப் பெட்டிகளுக்குள் நீர் புகுந்து காகிதங்கள் ஊறிப்போயிருந்தன; 1950-இல் கிடைத்த பால் கேன்களில் பெரும்பாலும் நல்லபடி இருந்தன. எழுதிய கைகள் அதே கைகள், துணிவும் அதே துணிவு. பாத்திரம்தான் வேறு.

எழுத்துப்படி இருக்கிறதே, புத்தகமாக வந்துவிட்டதே, டேப் போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல வாசகர்கள்கூட இதைச் சொல்கிறார்கள். அவர்களுக்கு யேல் பல்கலைக்கழகக் காப்பகத்தின் புகழ்பெற்ற ஒரு சாட்சியத்தைத்தான் பதிலாகக் காட்டுவேன். மனநல மருத்துவரும், சிறுவயதில் முகாமிலிருந்து பிழைத்து வந்தவருமான டோரி லாப் 1979-இல் நியூ ஹேவன் நகரில் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளரோடு சேர்ந்து தொடங்கிய வீடியோ பதிவு, பின்னர் அந்தக் காப்பகமாக வளர்ந்து, 4,400-க்கு மேற்பட்ட சாட்சியங்களைக் கொண்டிருக்கிறது. 1944 அக்டோபர் 7 அன்று ஆஷ்விட்ஸ் முகாமின் பிண எரிகூடத்தில் வேலை வாங்கப்பட்ட கைதிகள் கலகம் செய்தார்கள். அதை நேரில் கண்ட ஓர் அம்மாள், நான்கு புகைபோக்கிகள் தீப்பற்றி வெடித்துச் சிதறின என்று சொன்னார். அதுவரை முணுமுணுப்பாக இருந்த குரல் அந்த இடத்தில் பொங்கியெழுந்ததாகவும், பிறகு அறையில் மௌனம் கவிந்து, குரல் மறுபடி தணிந்துவிட்டதாகவும் லாப் எழுதியிருக்கிறார். வரலாற்று அறிஞர்கள் ஆட்சேபித்தார்கள்: தகர்ந்தது ஒன்றுதான், நான்கு இல்லை, இப்படிப் பிழையான நினைவை நம்பினால் படுகொலையே நடக்கவில்லை என்று மறுப்பவர்களுக்கு நாமே ஆயுதம் கொடுத்ததாகும். லாப் சொன்ன பதில்: ஆஷ்விட்ஸில் யூதர்கள் ஆயுதம் ஏந்தினார்கள் என்ற நம்ப முடியாத ஒன்றுக்கு அந்த அம்மாள் சாட்சி. எண்ணிக்கை தப்பு, கண்ட அதிர்ச்சி தப்பில்லை.

எழுத்துப்படியில் இதில் எது மிஞ்சும்? 'நான்கு' என்ற சொல் மட்டும். எழும்பிய குரலும் பிறகு வந்த மௌனமும் அதில் ஏறாது. இன்னொன்றும் நடந்தது. பிற்காலத்தில் வேறோர் ஆய்வாளர் மூல வீடியோவையே தேடிப்போய்ப் பார்த்து, லாப் எழுதியதற்கும் பதிவில் உள்ளதற்கும் வேறுபாடுகள் இருப்பதைச் சுட்டினார். என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. அம்மாளின் நினைவு பிசகலாம், கேட்டவரின் நினைவும் பிசகலாம். இரண்டையும் உரசிப் பார்க்க மூலப் பதிவு ஒன்றுதான் கல். அது போய்விட்டால் யார் சொன்னது சரி என்று கேட்க இடமே இல்லை. 2000-இல் லண்டனில் நடந்த அவதூறு வழக்கில் யூதப் படுகொலையை மறுத்த ஒருவரின் வாதம் ஆவணங்களையும் நிபுணர் அறிக்கைகளையும் கொண்டே முறியடிக்கப்பட்டது, உயிர் தப்பியவர் எவரையும் கூண்டில் ஏற்றவில்லை என்பது உண்மைதான். கொலை நடந்ததை நிறுவ ஆவணம் போதும். கொலைக்கு நடுவே வாழ்ந்தது எப்படி என்பதை ரயில் அட்டவணையும் அரசாணையும் சொல்லப்போவதில்லை.

மொழி பற்றிய கவலைதான் எனக்கு இதில் பெரிது. கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களில் பெரும்பான்மையோர் பேசியது யித்திஷ். கிரீஸின் சலோனிகா நகரத்து யூதர்கள் பேசிய லதினோ, அந்த நகரத்தவர் 1943-இல் ரயிலேற்றப்பட்டதோடு ஏறக்குறைய அடங்கிப்போனது. பிழைத்தவர்கள் பேட்டியில் ஒரே மொழியில் நிற்பதில்லை. வீட்டைப் பற்றி யித்திஷ், பள்ளிக்கூடம் போலிஷ், காவலர்களின் கூச்சல் ஜெர்மன் என்று ஒரே வாக்கியத்தில் தாவுவார்கள். போடர் இதை அன்றே கண்டுகொண்டார். மொழிபெயர்த்தபோது வழவழப்பாக்காமல், உடைந்த வாக்கியத்தை உடைந்தபடியே ஆங்கிலத்தில் வைத்தார். பட்ட அடி மொழியிலேயே தெரிகிறது என்பது அவர் கருத்து. இன்று கணினியே கேட்டு, எழுதி, மொழிபெயர்த்துச் சில நிமிடங்களில் கொடுத்துவிடுகிறது. தேடுவதற்கு உதவட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த எந்திரம் திக்கலை நீக்கும், திரும்பச் சொன்னதை வெட்டும், பாதியில் மாறிய மொழியைச் சமன்செய்யும். பேசியவர் சொல்ல முடியாமல் திணறிய இடம்தான் அவர் சொன்னதிலேயே முக்கியமான இடம். கலீசியா யித்திஷுக்கும் லித்துவேனிய யித்திஷுக்கும் காதால் வித்தியாசம் சொல்லக்கூடியவர்களும் வயதாகி மறைந்துவருகிறார்கள். மிஷின் இருந்து, டேப் இருந்து, கேட்டுப் புரிந்துகொள்ள ஆளில்லாத நாள் ஒன்று வரக்கூடும். ஒரு காப்பகம் ஸ்கேனர் வாங்கச் செலவழிக்கும் தொகையில் நான்கு இளைஞர்களுக்கு இந்த மொழிகளைக் கற்றுக்கொடுக்கலாம்.

பேசும் உருவங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயிர் தப்பியவரைப் பல கேமராக்களுக்கு நடுவே உட்காரவைத்து, நூற்றுக்கணக்கான கேள்விகளுக்கு விடை பதிந்து, பிறகு பள்ளிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பொருத்தமான விடையை எந்திரம் எடுத்து ஓட்டும் ஏற்பாடு சில அருங்காட்சியகங்களில் இருக்கிறது. பிள்ளைகள் அதன் முன் ஈர்க்கப்பட்டு நிற்கிறார்கள் என்கிறார்கள், இருக்கலாம். விடைகள் அவரே சொன்னவை என்பதால் இதுவரை தப்பில்லை. அடுத்த படியில், அவர் சொல்லாத விடையை அவர் குரலில் சொல்லவைக்க ஆசை வரும். போலிக் குரல் செய்வது எளிதாகிவிட்ட காலத்தில், நல்ல நோக்கத்தோடு செய்த ஒரு போலி போதும், 52,000 உண்மைகளின் மேலும் சந்தேகம் விழ. மூலப் பதிவு வெட்டாமல், கைவைக்காமல், எந்த நாளில் எந்தக் கருவியில் எடுத்தது என்ற விவரத்தோடு இருந்தால்தான் போலியை அதன் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியும்.

முகாம்களுக்குள் முதலில் நுழைந்த படையினரின் குரல்களுக்கு இன்னும் மோசமான நிலை. 1945 ஜனவரி 27 அன்று ஆஷ்விட்ஸில் நுழைந்த சோவியத் வீரர்கள் சுமார் 7,000 பேரை உயிரோடு கண்டார்கள். அந்த வீரர்களில் கடைசியாக எஞ்சியிருந்தவர் என்று அப்போது செய்திகள் குறிப்பிட்ட ஒருவர் 2021-இல் காலமானார். 1945 ஏப்ரல் 12 அன்று ஜெர்மனியில் ஓர்ட்ருஃப் முகாமைப் பார்த்த அமெரிக்க ஜெனரல் ஐசன்ஹோவர், பிற்காலத்தில் யாராவது இதெல்லாம் வெறும் பிரசாரம் என்று சொன்னால் நேரில் கண்ட சாட்சியாக நிற்க வேண்டும் என்பதற்காகவே போனதாக வாஷிங்டனுக்கு எழுதினார். தளபதி எழுதினார். சிப்பாய்கள் ஊர் திரும்பி வேலைக்குப் போனார்கள். அவர்களைக் கேட்கப் பெரும்பாலும் முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது. அமெரிக்கத் தரப்பில் 36 படைப்பிரிவுகள் 'விடுவித்தவை' என்று அங்கீகாரம் பெற்றன. முதல் படை வந்து 48 மணி நேரத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்பது விதி. மூன்றாம் நாள் வந்து பிணங்களைப் புதைத்தவரும், காய்ச்சலில் கிடந்தவர்களுக்குக் கஞ்சி ஊட்டிய நர்ஸும் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் அதிக நேரம் அங்கே நின்று பார்த்தவர்கள் அவர்களே. அவர்களில் பலர் பேசியது பேட்டியாளர்களிடம் அல்ல. பேரப்பிள்ளையின் பள்ளிப் பாடத்துக்காகவும், பழைய படைத்தோழர் கூட்டத்திலும், சமையலறை மேசையில் சாதாரண டேப் ரிக்கார்டரை வைத்துப் பேசினார்கள். அவை எந்தப் பட்டியலிலும் இல்லை, அட்டைப் பெட்டிகளில் இருக்கின்றன.

அப்படி ஒரு பெட்டி யார் கையில் கிடைத்தாலும் காப்பகத்தார் சொல்லும் முறை எளிது. முதலில் ஓட்டிப் பார்க்காதீர்கள். பழைய டேப்புக்கு அந்த ஓட்டமே கடைசியாகிவிடலாம். கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிடுங்கள். அதன்மேல் வேறெதுவும் பதிய முடியாது. பிறகு ஒரு சீட்டில், பேசுபவர் பெயர், ஊர், தேதி, என்ன மொழி. ஊர்ப்பெயரை எழுத்துப் பிசகாமல்.