குறைந்தபட்சக் கூலியும் இயந்திரமும்: யாரை எண்ணுகிறோம்?

குறைந்தபட்சக் கூலியை ஏத்தினா வேலை போயிடுமா? "போகாது" என்பவர்கள் முதலில் காட்டுவது நியூ ஜெர்ஸியைத்தான். 1992 ஏப்ரலில் அங்கே மணிக்கூலி 4.25 டாலரிலிருந்து 5.05 ஆனது. பக்கத்துப் பென்சில்வேனியாவில் மாறவில்லை. டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் இரண்டு பக்கமும் துரித உணவுக் கடைகளில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். நியூ ஜெர்ஸியில் ஆள் குறையவில்லை. கார்டுக்கு 2021-ல் நோபல் பரிசும் வந்தது.

நானும் ரொம்ப நாள் இதோட நிறுத்திக்கிட்டேன். ஆனால் அவர்கள் மறுபடி எண்ணியது அதே வருஷக் கடைசியில். எட்டு மாசத்துக்குள்ள எந்த முதலாளி இயந்திரம் வாங்கி மாட்டப்போறார்?

கிரேஸ் லார்டனும் டேவிட் நியூமார்க்கும் 1980 முதல் 2015 வரையிலான அமெரிக்கத் தரவை எடுத்துக்கொண்டார்கள். மொத்த ஆள் கணக்கை விட்டு, இயந்திரம் எளிதில் பறிக்கக்கூடிய வேலைகளை மட்டும் பார்த்தார்கள். கூலி ஒரு டாலர் ஏறினால், படிப்பு குறைந்தவர்களின் வேலைகளில் இவற்றின் பங்கு 0.43 சதவீதப் புள்ளி குறைகிறது.

கேட்க அற்பம்தான். ஆனா அது சராசரி. அடி எல்லார் மேலயும் ஒரே மாதிரி விழல. பலமாக வாங்கியவர்களில் முக்கியமானவர்கள், படிப்பு குறைந்த, வயதான ஆலைத் தொழிலாளிகள். பர்கர் கடைப் பையன் அடுத்த கடைக்குப் போயிடுவான். முப்பது வருஷம் ஒரே வேலையைச் செஞ்ச 55 வயசுக்காரர் எங்க போவார்?

கூலி ஏறணும்னுதான் இப்பவும் சொல்றேன். "யாருக்கும் நஷ்டமில்லை"ன்னு சொல்றதை மட்டும் விட்டுட்டேன்.