கிழக்குத் திமோர்: தேசமாக மலர்ந்த திருப்புமுனைகள்

முன்னுரை

நிலமும் எல்லையும் அமைந்துவிட்டால் மட்டும் ஒரு நாடு தேசமாகிவிடுவதில்லை. அங்கு வாழும் மக்கள் 'நாம் ஓரினம்' என உணரும் நாளிலேதான் தேசம் பிறக்கிறது. அவ்வுணர்வு எவ்வாறு தோன்றுகிறது, எவற்றால் வளர்கிறது என்பதற்குக் கிழக்குத் திமோரின் வரலாறு தக்கதொரு சான்றாகும். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே, ஏறத்தாழ 15,000 சதுர கிலோமீட்டர் பரப்பும் 13 இலட்சம் மக்களும் கொண்ட சிறுநாடு அது.

இவ்வரலாற்றை நாம் கற்பதற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. இந்நாட்டை 24 ஆண்டுகள் ஆக்கிரமித்திருந்த இந்தோனேசியா, முஸ்லிம்கள் மிகுந்து வாழும் நாடுகளுள் முதல் வரிசையில் நிற்பது. விடுதலை பெற்றோர் மிகப் பெரும்பாலும் கத்தோலிக்கர். எனவே இதனைச் சமயப் போராகக் கருதுவாரும் உளர். அக்கருத்துப் பொருந்துமா என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

சந்தனம் தேடி வந்தோர்

1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர், அதன்பின் திமோரின் சந்தனத்தை நாடிச் சென்றனர். தீவின் மேற்குப் பகுதியில் டச்சுக்காரர் காலூன்றினர். 1769இல் டிலி நகர் போர்த்துகீசியரின் தலைநகராயிற்று. 1859ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இரு வல்லரசுகளும் தீவைப் பங்கிட்டுக் கொண்டன. 1914இல் எல்லை முடிவாக வரையறுக்கப்பட்டது. பங்கிடப்பட்ட மக்களை எவரும் கேட்டிலர்.

தலைவரிக்கும் கட்டாய உழைப்புக்கும் எதிராக 1911-12இல் மனுஃபாஹி சிற்றரசர் போவவெந்துரா தலைமையில் பெருங்கிளர்ச்சி எழுந்து, கொடுமையாக ஒடுக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் 1942 முதல் ஜப்பானியர் ஆட்சி நிலவியது. குறைந்தது 40,000 பேர் மாண்டனர் என்பர். போர் முடிந்தபின் பழைய ஆட்சியே மீண்டது. கல்வியிலும் சாலை வசதியிலும் அந்நாடு பின்தங்கியே கிடந்தது.

ஒன்பது நாள் விடுதலை

முதல் திருப்புமுனை 1974 ஏப்ரல் 25இல் லிஸ்பனில் நிகழ்ந்தது. அங்கு இராணுவ அதிகாரிகள் சர்வாதிகார ஆட்சியை வீழ்த்தவே, குடியேற்ற நாடுகளின் விடுதலைக்கு வழி பிறந்தது. திமோரில் கட்சிகள் தோன்றின. ஆனால், விடுதலைக்கு முன்பே உட்பகை மூண்டது. 1975 ஆகஸ்டில் உள்நாட்டுப் போர் வெடிக்க, ஆளுநர் அருகிலிருந்த அத்தாவுரோ தீவுக்கு அகன்றார். போரில் வென்ற ஃபிரெட்டிலின் இயக்கம் 1975 நவம்பர் 28இல் விடுதலையை அறிவித்தது. ஒன்பதாம் நாள், டிசம்பர் 7இல், இந்தோனேசியப் படைகள் டிலியில் இறங்கின.

அதற்கு முதல்நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபோர்டு ஜகார்த்தாவில் சுகார்த்தோவுடன் உரையாடியிருந்தார் என்பது நோக்கத்தக்கது. பொதுவுடைமை அச்சமும் வல்லரசுகளின் பனிப்போர்க் கணக்குமே இப்படையெடுப்புக்குத் துணை நின்றன, சமயம் அன்று. படைகள் விலக வேண்டும் என ஐ.நா. பாதுகாப்பு அவை தீர்மானித்தும் பயனில்லை. 1976 ஜூலையில் திமோர் இந்தோனேசியாவின் 27ஆம் மாநிலமாக இணைக்கப்பட்டது. ஐ.நா. அவ்விணைப்பை ஏற்கவில்லை. பிற்காலத்தில் திமோரில் அமைந்த உண்மை அறியும் ஆணையம், 1974 முதல் 1999 வரை மோதலின் விளைவாகக் குறைந்தது 1,02,800 பேர் இறந்தனர் எனக் கணக்கிட்டது. அவருள் பெரும்பாலோர் பசியாலும் நோயாலும் மாண்டவர்.

மொழியும் சமயமும் அடையாளமாதல்

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1975இல் திமோர் மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே கத்தோலிக்கர். எஞ்சியோரில் மிகப் பலர் முன்னோர் வழிபாட்டினர். ஏற்கப்பெற்ற சமயங்களுள் ஒன்றைச் சார்ந்திருத்தல் வேண்டும் என்பது இந்தோனேசிய ஆட்சியின் நெறி. அடக்குமுறைக் காலத்தில் மக்களுக்குப் புகலிடமாகத் திருச்சபையே நின்றது. ஆகவே மக்கள் பெருந்திரளாக அதனுள் புகுந்தனர்.

போர்த்துகீசிய மொழி தடை செய்யப்பட்டபோது, 1981இல் திருச்சபை வழிபாட்டு மொழியாக இந்தோனேசிய மொழியை ஏற்காமல் மக்கள் மொழியாகிய தேத்தூமைத் தேர்ந்தது. சந்தைமொழியாக இருந்த தேத்தூம் அன்று முதல் தேசமொழியாக உயரலாயிற்று. அழிக்க முயன்ற ஆட்சியே அடையாளத்தை உருவாக்கித் தந்தது எனலாம். மொழி பயில்வோராகிய நமக்கு இச்செய்தி புதிதன்று.

கல்லறைத் தோட்டமும் வாக்குச் சாவடியும்

1991 நவம்பர் 12இல் டிலியின் சாந்தா குரூஸ் கல்லறைத் தோட்டத்தில் கூடிய இளைஞர்மீது படையினர் சுட்டனர். வெளிநாட்டுச் செய்தியாளர் ஒருவர் எடுத்த படச்சுருள் அக்கொடுமையை உலகிற்குக் காட்டியது. மறுஆண்டே போராட்டத் தலைவர் சனானா குஸ்மாவ் சிறைப்பட்டார். ஆயினும் 1996இல் ஆயர் பெலோவுக்கும் ரமோஸ் ஹோர்ட்டாவுக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

ஆசியப் பொருளாதார நெருக்கடியால் 1998 மே மாதம் சுகார்த்தோ பதவி விலகினார். பின்வந்த ஹபீபி, முடிவை மக்களிடமே விட இசைந்தார். 1999 ஆகஸ்டு 30இல், பதிவு செய்தோருள் 98 விழுக்காட்டினருக்கு மேல் வாக்களித்தனர், 78.5 விழுக்காட்டினர் விடுதலை வழியைத் தேர்ந்தனர். முடிவு வெளியானதும் ஆயுதக் குழுக்கள் நாட்டைத் தீக்கிரையாக்கின. பன்னாட்டுப் படை வந்து அமைதி காத்தது. ஐ.நா.வின் இடைக்கால ஆட்சிக்குப்பின், 2002 மே 20இல் விடுதலை மீண்டது.

பள்ளிவாசலிலிருந்து ஒரு பிரதமர்

கத்தோலிக்கர் மிகுந்த அந்நாட்டின் முதல் பிரதமர் யார்? மாரி அல்கதீரி; யமன் நாட்டு ஹள்ரமவ்த் பகுதியிலிருந்து குடியேறிய அரபு மரபில் வந்த முஸ்லிம். ஃபிரெட்டிலின் இயக்கத்தை நிறுவியவருள் ஒருவர். 24 ஆண்டுகள் மொசாம்பிக்கில் புலம்பெயர்ந்து வாழ்ந்தவர். மிகச் சிறுபான்மையினரான முஸ்லிம்களுக்கு டிலியில் அந்நூர் பள்ளிவாசல் உண்டு. அச்சமூகத்தில் பிறந்தவரிடம் முதல் அரசை ஒப்படைக்க மக்கள் தயங்கவில்லை. போர் சமயங்களுக்கிடையே நிகழ்ந்ததன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மற்றொரு சான்றும் கூறலாம். நஹ்தத்துல் உலமா அமைப்பின் தலைவராயிருந்து இந்தோனேசியக் குடியரசுத் தலைவரான அப்துர் ரஹ்மான் வாஹித், 2000 பிப்ரவரியில் டிலிக்குச் சென்றார்; சாந்தா குரூஸ் கல்லறையில் மலர்வளையம் வைத்து, நடந்த கொடுமைகளுக்காக மன்னிப்புக் கோரினார். தம்மவர் செய்த பிழையைப் பிழையென ஒப்புக்கொள்ளும் துணிவு, மார்க்கக் கல்வி தந்த துணிவன்றோ!

விடுதலைக்குப் பின்

விடுதலையோடு துன்பம் தீர்ந்துவிடவில்லை. அரசமைப்பு தேத்தூம், போர்த்துகீசியம் இரண்டையும் ஆட்சிமொழிகளாக்கியது. இந்தோனேசிய மொழியில் கற்ற இளைஞர் பலர் இதனால் இடர்ப்பட்டனர். 2006இல், தம்மிடம் வேறுபாடு காட்டப்படுவதாக முறையிட்ட ஏறத்தாழ 600 படைவீரர் நீக்கப்பட்டதால் கலவரம் மூண்டது. ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்து அகன்றனர். அல்கதீரி பதவி விலகினார். பகைவன் அகன்றபின் உள்வேற்றுமை தலைதூக்கும் என்னும் உண்மை மீண்டும் புலனாயிற்று. எனினும் மக்கள் தேர்தல் வழியையே பற்றி நின்றனர். 2012இறுதியில் ஐ.நா. பணிக்குழு விடைபெற்றது. 2018இல் ஆஸ்திரேலியாவுடன் கடல் எல்லை உடன்பாடு கையெழுத்தாயிற்று. 2025 அக்டோபரில் ஆசியான் அமைப்பின் 11ஆம் உறுப்பு நாடாக அது இணைந்தது. அவ்வமைப்பில் இந்தோனேசியாவும் உடனிருக்கிறது.

முடிவுரை

வல்லரசுகள் வரைந்த எல்லைக்கோடு, மக்கள் பட்ட துயரத்தாலும் போற்றிய மொழியாலும் தேச எல்லையாயிற்று. 'நம்மவர்' என்பதற்காக அநீதியை மறைப்பதும், 'பிறர்' என்பதற்காக அவர்தம் கண்ணீரைக் காணாதிருப்பதும் கற்றோர்க்கு அழகன்று. வல்லாதிக்கத்துக்குச் சமயமில்லை, நீதிக்கும் எல்லையில்லை. வரலாற்றை இந்நடுவுநிலையோடு நம் மாணவர் கற்பாராயின், அக்கல்வியே இக்கல்லூரிக்குப் பெருமை சேர்க்கும்.