தள்ளிப்போன தாயகப் பயணம்



வருகிறேன் என்றவர் வர முடியாமற்போகும் நாளை நம் பங்குகளில் எத்தனையோ இல்லங்கள் அறியும். ஒப்பந்தம் முடிந்தும் முதலாளி விடுவிப்பதில்லை, கடன் அடைந்தபாடில்லை, விமானச் சீட்டின் விலையோ கைக்கெட்டுவதில்லை. 2020 மார்ச்சில் நம் விமான நிலையங்கள் வருகைப் பயணிகளுக்கு மூடப்பட்டபோது, மத்திய கிழக்கில் தொழில் புரிந்த எம்மவர் பலர் சிறப்பு விமானத்தில் இடம் கிடைக்கும்வரை மாதக்கணக்கிற் காத்திருந்தனர். வந்திறங்கிய பின்பும் தனிமைப்படுத்தலைக் கடந்தே வீட்டுப் படியை மிதித்தனர்.

இவ்வேமாற்றம் சிறிதன்று. “எல்லாம் நன்மைக்கே” என்று ஆறுதல் கூறுவோர் நல்மனத்தினரே; ஆயினும் அச்சொல் அந்நேரம் புண்ணில் உப்பாக விழுகிறது.

நம் வீட்டுச் சுவர்களில் அடிக்கடி காணப்படும் இறைவாக்கு ஒன்றுண்டு: எரேமியா நூல் 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம். நம்மைக் குறித்து ஆண்டவர் கொண்டுள்ள எண்ணங்கள் நல்வாழ்வுக்கானவை என்பது அதன் பொருள். அதற்கு முந்திய வசனத்தை மட்டும் எவரும் சட்டமிட்டு மாட்டுவதில்லை. எழுபது ஆண்டுகள் நிறைவுற்ற பின்னரே நாடு திரும்புவீர்கள் என்கிறது அது!

கி.மு. 597இல் நெபுகத்னேசர் மன்னனால் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டோருக்கு எரேமியா எழுதிய மடல் இது. அந்நாட்களில் அனனியா என்பவன், இரண்டே ஆண்டுகளில் அனைவரும் திரும்பிவிடுவர் என முழங்கினான். அப்படியே ஆகட்டும் என்று முதலில் எரேமியாவும் விரும்பினார். ஆனால் ஆண்டவர் தராத நாளை மக்களுக்குக் குறித்துக் கொடுக்க அவர் இசையவில்லை.

அனனியாக்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. “அடுத்த மாதம் நிச்சயம்” என்னும் முகவர் ஒருபுறம். அழும் பிள்ளையை அடக்க “திருநாளுக்கு அப்பா வந்துவிடுவார்” என்னும் உறவினர் மறுபுறம். நாள் தெரியாவிடில், தெரியாது என்றே பிள்ளையிடம் கூறுவோம். உண்மையைப் பிள்ளைகள் தாங்குவர். மூன்றாம் முறையும் பொய்த்த வாக்கைத் தாங்குவதுதான் அவர்களுக்குக் கடினம்.

எரேமியாவின் மடலில் இருந்தவை என்ன? வீடு கட்டுங்கள், தோட்டமிட்டு அதன் கனியை உண்ணுங்கள், பிள்ளைகளுக்கு மணமுடித்து வையுங்கள், அந்நகரின் நலனுக்காகவும் மன்றாடுங்கள் என்றார். நம் நிலையில் இதன் பொருள் எளியது. அங்கிருப்பவர் கட்டிய பெட்டியைத் திறந்து உடுப்புகளை வெளியே எடுத்து வைக்கட்டும். இங்கிருப்போர், “அவர் வந்தபின் பார்ப்போம்” என்று ஒத்திவைத்த கூரைத் திருத்தத்தையும் பிள்ளையின் படிப்பையும் தொடங்கட்டும். இது நம்பிக்கையைக் கைவிடுவதன்று. எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த வேளையிலேயே, அனத்தோத்திலுள்ள நிலத்தைப் பதினேழு செக்கேல் வெள்ளிக்கு வாங்கிப் பத்திரமும் எழுதி வைத்தவரல்லவா அதே எரேமியா?

கோபமும் வரும். 13ஆம் திருப்பாடலில், எவ்வளவு காலம் என்ற கேள்வி ஆண்டவரிடம் நான்கு முறை கேட்கப்படுகிறது. திருச்சபை அதை நீக்கிவிடவில்லை, செபமாகவே வைத்திருக்கிறது. தொலைபேசியில் கணவர் மீதோ மனைவி மீதோ கொட்டும் சுடுசொல்லை அப்பாடலில் கொட்டலாம். தாமதத்திற்கு அவர் காரணமல்லர் என்பது நமக்குத் தெரியும். ஆயினும் கைக்கெட்டுபவர் அவராக இருப்பதால் அவரையே நோகடிக்கிறோம்.

திருக்குடும்பத்தின் பயணமும் நினைத்தவாறு முடியவில்லை. எகிப்திலிருந்து திரும்பிய புனித சூசையப்பர், ஏரோதின் மகன் யூதேயாவை ஆள்வதறிந்து அஞ்சி, கலிலேயாவின் நாசரேத்துக்குச் சென்றார் (மத் 2:22-23).

கட்டாரும் குவைத்தும் நம் நேரத்திற்கு இரண்டரை மணி பின்தங்கியவை. இங்கு இரவு எட்டு மணிக்குச் செபமாலை தொடங்கும்போது அங்கு மாலை ஐந்தரை. அவர் பணியில் இருந்தால், வாய்த்த நேரத்தில் தனியே சொல்லிக்கொள்ளட்டும். ஓய்வு கிடைத்த நாளில் தொலைபேசியை மேசைமீது வையுங்கள். கடைசிப் பத்து மணிகளை அவரே முன்னின்று சொல்லட்டும்.