ஜோடி ரேம்: பொருந்த வேண்டியது எது?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “வீட்டு டெஸ்க்டாப்பில் 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்று இருக்கிறது. இன்னொரு 8 ஜிபி வாங்கப் போனேன். ‘அதே கம்பெனி, அதே மாடல்தான் போடணும், மாத்திப் போட்டா போர்டு போயிடும்’ என்கிறார் கடைக்காரர். உண்மையா?”

போர்டு போகாது. வேறு தலைமுறை ரேமைத் தவறிப் போடவும் வழியில்லை: டிடிஆர்5 ரேமை டிடிஆர்4 ஸ்லாட்டில் செருகவே முடியாதபடி அதன் வெட்டுப்பள்ளத்தை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரே தலைமுறை ரேம்கள் இரண்டு ஒத்துப்போகாவிட்டால் கணினி மெதுவாக ஓடலாம், திரையே வராமல் நிற்கலாம், வேலையின் நடுவே உறைந்துபோகலாம். புதியதைக் கழற்றினால் பழையபடி ஓடும். ஆனாலும் பொருத்தம் என்று ஒன்று தேவை என்பதில் கடைக்காரர் சொல்வது சரி. அதைக் கம்பெனிப் பெயரில் தேடுவதுதான் வீண். ரேமில் பதிக்கும் டிராம் சில்லுகளில் உலக அளவில் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றே நிறுவனங்கள். கடையில் காணும் மற்ற பெயர்களில் பெரும்பாலானவை அந்தச் சில்லுகளை வாங்கிப் பலகையில் பதித்து விற்பவை. ஒரே மாடல் எண்ணுக்குள் ஒரு முறை ஒருவர் சில்லும், அடுத்த முறை இன்னொருவர் சில்லும் இருப்பது சகஜம்.

பொருந்த வேண்டியது நேரம். ஸ்டிக்கரில் 22-22-22 என்றோ 16-18-18 என்றோ எண்கள் இருக்கும். கடையில் யாரும் விளக்காத அந்த எண்களுக்குப் பின்னால்தான் இந்தத் துறையின் மிக அழகான வேலை நடக்கிறது.

ரேமில் ஒரு பிட் என்பது ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். அந்த மின்னூட்டம் மிகச் சிறியது. அதைக் கொண்டுவரும் கம்பியோ மிக நீளம். எனவே படிப்பதற்கு முன்பே கம்பியைச் சரிபாதி மின்னழுத்தத்தில் நிறுத்திவைக்கிறார்கள். டிரான்சிஸ்டர் திறந்ததும் மின்தேக்கி தன்னிடம் உள்ளதைக் கம்பியில் கொட்டுகிறது. கம்பியின் அழுத்தம் பாதியிலிருந்து ஒரு துளி மேலே போகிறது. மின்தேக்கி காலியாக இருந்தால் ஒரு துளி கீழே இறங்குகிறது. கம்பியின் முனையில் இருக்கும் உணர்பெருக்கி அந்தச் சாய்வைக் கண்டுகொண்டு, சாய்ந்த பக்கமே முழுவதுமாகத் தள்ளிவிடுகிறது. இதில் இன்னொரு காரியமும் முடிந்துவிடுகிறது. கொட்டியதால் மின்தேக்கி தன் நினைவை இழந்துவிட்டது. டிரான்சிஸ்டரோ இன்னும் திறந்தே இருக்கிறது. உணர்பெருக்கி கம்பியை முழு அழுத்தத்துக்குத் தள்ளும்போது, அதே கம்பி வழியே மின்தேக்கியும் மறுபடி நிரம்புகிறது. படித்ததால் அழிந்தது, படித்த செயலாலேயே திரும்ப எழுதப்படுகிறது. ஒரு வரிசையிலுள்ள ஆயிரக்கணக்கான பிட்களுக்கு இது ஒரே சமயத்தில் நடக்கிறது.

இதற்கு நேரம் பிடிக்கும். டிடிஆர்4-3200 ரேமின் 22-22-22ல் நடு எண், வரிசையைத் திறக்கக் காத்திருக்கும் கடிகாரத் துடிப்புகள். ஒரு துடிப்பு 0.625 நானோ நொடி. 22 துடிப்பு 13.75 நானோ நொடி. ஒளியே அதற்குள் நாலு மீட்டர்தான் போகும். முதல் எண், திறந்த வரிசையிலிருந்து தரவு வெளியே வர ஆகும் நேரம். மூன்றாவது, வரிசையை மூடிக் கம்பியைப் பாதி அழுத்தத்துக்குக் கொண்டுவரும் நேரம்.

விளம்பரங்களை இந்தக் கணக்கை வைத்துப் படியுங்கள். முதல் எண் 16 உள்ள டிடிஆர்4-3200க்கும், 30 உள்ள டிடிஆர்5-6000க்கும் அந்த எண் சொல்லும் காத்திருப்பு ஒன்றுதான்: 10 நானோ நொடி. ஏறக்குறைய இரட்டிப்பானது தரவு வந்து கொட்டும் வேகம். மின்தேக்கி விளம்பரத்துக்காக அவசரப்படாது. பலகையில் மின்னும் வண்ண விளக்குகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டு ரேம் ஏன் ஜோடியாக ஓட வேண்டும்? கல்யாணப் பந்தியில் இரண்டு பேர் சாம்பார் வாளியோடு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒற்றைப்படை இலைகளுக்கு ஊற்றுகிறார், மற்றவர் இரட்டைப்படை இலைகளுக்கு. பந்தி பாதி நேரத்தில் முடிகிறது. இதுவே டூயல் சேனல். ஒரு சேனலில் டிடிஆர்4-3200 நொடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டில் 51.2. இருவரும் ஒரே தாளத்தில் நடக்க வேண்டும் என்பதால், மெதுவாக நடப்பவரின் நடையே இருவருக்கும் நடை: 3200 ரேமோடு 2666 ரேமைப் போட்டால் இரண்டும் 2666ல் ஓடும். ஒருவர் வாளி 8, மற்றவர் வாளி 4 என்றால், சின்ன வாளி தீரும்வரை மாறி மாறிப் பரிமாறி, மிச்சத்தைப் பெரிய வாளிக்காரர் தனியாகப் பார்த்துக்கொள்வார். பல போர்டுகள் 8+4 ஜிபியை அப்படித்தான் ஓட்டுகின்றன. நடுவில் யாராவது ரசம் கேட்டால், சாம்பார் வாளியைக் கழுவிவிட்டு ரசத்தை மொண்டு வர வேண்டும். வரிசையை மூடி வேறு வரிசை திறப்பது அதுதான். அண்டாவும் ஒழுகுகிற அண்டா. மின்தேக்கிகள் கசிந்துகொண்டே இருப்பதால், டிடிஆர்4ல் 64 மில்லி நொடிக்குள் ஒவ்வொரு வரிசையையும் திறந்து நிரப்பியாக வேண்டும்.

வரலாறு சுருக்கமாக: ஒற்றை டிரான்சிஸ்டர் யோசனை ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்டுக்கு 1966ல் வந்தது, காப்புரிமை 1968ல். ஜோடி விதி பென்டியம் காலத்தில் கட்டாயம்: அந்தச் செயலிக்கு 64 பிட் பாதை, 72 பின் பலகைக்கு 32 பிட், ஆகவே இரண்டிரண்டாகத்தான் போட வேண்டும். கடைக்காரர்களின் கண்டிப்பில் அந்தப் பழைய விதியின் மிச்சம் இருக்கிறது.

இன்று ஒவ்வொரு ரேமும் தன் நேரங்களைத் தானே ஒரு சின்னச் சில்லில் எழுதி வைத்திருக்கிறது. போர்டு அதைப் படித்து, எல்லா ரேமுக்கும் தாங்கும் வேகத்தில் ஓட்டுகிறது. தரநிலையைத் தாண்டிய எக்ஸ்எம்பி வேகங்களில்தான் சிக்கல்: தனித்தனியே 3600ல் ஓடும் இரண்டு ரேம்கள் சேர்ந்து ஓட மறுக்கலாம். சேர்த்துச் சோதித்து விற்கும் கிட்டுக்கு அதிகப் பணம் தருவது அங்கேதான் நியாயம்.

எனவே வாசகர் எந்தக் கம்பெனி 8 ஜிபி டிடிஆர்4 ரேமும் வாங்கலாம். வேகம் ஒன்றாகவும், அந்த மூன்று எண்கள் நெருக்கமாகவும், வோல்டேஜ் ஒன்றாகவும் இருக்கட்டும். நாலு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் செயலியிலிருந்து இரண்டாவதும் நாலாவதும் ஜோடி; போர்டு கையேட்டில் பார்த்துவிடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில், ஜோடியாக ஓடுவதன் வித்தியாசம் விளையாட்டுகளில் கண்ணுக்குத் தெரியும். கடிதம் தட்டச்சு செய்பவருக்குத் தெரியாது. போட்ட அன்று இரவு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் கடையில் மாற்றிக் கேளுங்கள்.